குண்டு பட்ட கோட்டு

என் உம்மாவின் கையால் சோறு வாங்கித் தின்ன எனக்கு அருவருப்பாக இருக்கும். பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் அந்தக் கையை முகர்ந்து பார்க்காதவர்கள். காரச் சவுக்காரம், மண்ணெண்ணெய், இரண்டுக்கும் அடியில் முகம் தெரியாத யாரோ ஓர் ஆணின் பழைய வியர்வை. இந்த மூன்றும் அவள் நகக்கண்ணில் குடியிருந்தன. எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது, சாம்பல் போட்டுத் துலக்கினாலும் போகாது. பெருநாளைக்கு மருதாணி இட்டுக்கொண்டால் மருதாணியோடு சேர்ந்து அதுவும் மணக்கும்.

அவள் பெயர் ரஹ்மத்தும்மா. பதுளைக் கடைத்தெருவில் பழைய கோட்டுக் கடை வைத்திருந்த புஹாரி முதலாளியின் தம்பி மனைவி. நான் அவளுடைய ஒரே மகள், ஸுபைரா. நான் நடை பழகுவதற்கு முன்பே என் வாப்பா பெரகல இறக்கத்தில் வண்டி குடைசாய்ந்து மௌத்தாகிவிட்டார். அந்த வண்டியில் இருந்ததும் கோட்டு மூட்டைகள்தான். நான்கு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தா முடிந்த கையோடு புஹாரிப் பெரியவாப்பா உம்மாவைக் கூப்பிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் காட்டினார். பாதி அறையில் மூட்டைகள் கிடந்தன. மீதிப் பாதி எங்களுக்கு. இருக்க இடமும் சாப்பிடச் சோறும் அவர் தருவார், மூட்டைகளை உம்மா பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பார்த்துக்கொள்ளல் என்னவென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வியாபாரத்தைத் தொடங்கி வைத்தவர் வாப்பாவின் தகப்பனார் இப்றாஹீம். கோப்பிச் செடியை இலைநோய் தின்று தீர்த்த காலத்தில் ஊவா மலைத் துரைமார் ஒருவர் பின் ஒருவராக நொடித்துப் போனார்கள். பங்களாவில் இருந்ததையெல்லாம் ஏலத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இப்றாஹீம் ஏலத்துக்கு ஏலம் நடந்து, மற்றவர்கள் தொடாததை வாங்கினார். மயிர் சிக்கிய சீப்புகள், கால் விரல் அச்சு விழுந்த சப்பாத்துகள், ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் துரை ஒருவருடைய பொய்ப்பல். அதையும் வாங்கினார். அதையும் விற்றார். பூப்போட்ட வாயகன்ற பீங்கான் பாத்திரம் ஒன்றை ஒரு பெரிய கங்காணி ஆசையோடு வாங்கிப் போய்த் தைப்பொங்கலுக்கு அதில் பாயசம் ஊற்றி, தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்துக்கெல்லாம் பரிமாறினாராம். துரை அந்தப் பாத்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் எதற்காக வைத்திருந்தார் என்பது விற்றவருக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். எனக்கு ஒருமுறைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

ஏலத்தில் எடுத்த எல்லாவற்றிலும் வேகமாக விலைபோனது கோட்டு. மலைக் குளிர் அப்படி. அதோடு தோட்டத்தில் தலைப்பாகையும் கோட்டும் குடையும் இருந்தால்தான் கங்காணி கங்காணி. கோட்டு இல்லாத கங்காணியை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்று பெரியவாப்பா சொல்வார். ஏலங்கள் ஓய்ந்த பிறகு கொழும்பிலிருந்து மூட்டை வரத் தொடங்கியது. சீமையில் ஒருவன் உடுத்தி அலுத்துக் கழற்றிப் போட்டதை அவன் வேலைக்காரன் உடுத்துவான். அவனும் அலுத்தபின் கந்தல்காரன் கைக்குப் போகும். கந்தல்காரன் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றுவான். கொழும்பில் இறங்கி, பண்டாரவளை வரை ரயிலிலும் அதன்பின் மாட்டு வண்டியிலும் வந்து, கடைசியில் அது என் உம்மாவின் மடியில் விழும். பட்டாளத்துக்காரனின் சிவப்புக் கோட்டு, பொலிஸ்காரனின் நீலக் கோட்டு, ஓட்டல் வாசலில் சலாம் போடுகிறவனின் வால் வைத்த கோட்டு. ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அழுக்கைக் கப்பலேற்றி அனுப்புகிறவர்களையும், அதைக் காத்திருந்து வாங்குகிற எங்களையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

மூட்டையை அவிழ்த்ததும் முதலில் ஈரப் புழுக்க வாடை வரும். உம்மா மூக்கில் துணி கட்டிக்கொள்வாள். பைகளுக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும். சளி காய்ந்து மரப்பட்டை போல ஆகிவிட்ட கைக்குட்டை வரும். பாதி சப்பிய மிட்டாய் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒருமுறை காகிதத்தில் மடித்த பல் ஒன்று வந்தது. கழுத்துப் பட்டியில் படிந்த பிசுக்கை மொட்டைக் கத்தியால் வழித்து எடுப்பாள், அது சுருள் சுருளாக வரும். தையல் ஓரங்களில் சீலைப்பேன் முட்டை வரிசையாக இருக்கும். காய்ச்சிய இஸ்திரிப் பெட்டியைத் தையலோடு இழுத்தால் அவை பொட்டுப் பொட்டென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் குர்ஆன் பாடம் படித்தேன்.

உம்மா வேளை தவறாமல் தொழுவாள். ஆனால் இரத்தக் கறை பட்ட துணியை அலசிய உடுப்போடு தொழ முடியாது. ஆகவே ஒவ்வொரு வக்துக்கும் உடை மாற்றுவாள். வேலை உடுப்பு ஓர் ஆணியில், தொழுகை உடுப்பு எதிர்ச் சுவரின் ஆணியில். ஒன்று மற்றதைத் தொடக்கூடாது. குளிர்காலத்திலும் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், தோல் உரிந்து சிவந்திருக்கும். அப்படியும் எங்கள் தெருப் பெண்களுக்கு அவள் சுத்தமில்லாதவள். கந்தூரிச் சாப்பாட்டில் ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து அள்ளி உண்பது எங்கள் வழக்கம். உம்மா உட்கார்ந்த ஸஹனில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். அடுத்த வீட்டு றமீலா மாமி, ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவள் போல, உம்மாவுக்குத் தனியாக ஒரு கோப்பையில் வைத்துக் கொடுப்பாள். அந்தக் கோப்பையைப் பிறகு நாய்க்கு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் யாரோடு உட்கார்ந்தேன் என்றால், மற்றப் பிள்ளைகளோடு. உம்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே என்னைப் பார்ப்பாள். நான் பார்க்காதது போல் தின்றுகொண்டிருப்பேன்.

கோட்டு வாங்க வருகிற தோட்டத்து மக்களிடம் ஓர் எண்ணம் ஆழமாக ஊறியிருந்தது. தங்கள் லயத்தில் செத்தவன் உடுத்தியதைத் தொடமாட்டார்கள். அது டோபிக்கு உரியது. பிணம் வாசல் தாண்டியதும் அவன் உடுத்திய துணியெல்லாம் டோபி மூட்டைக்குப் போய்விடும், திரும்ப அந்த வாசலுக்குள் வரக்கூடாது. வந்தால் உரியவன் பின்னாலேயே வந்து, வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவான் என்பார்கள். அதே ஆட்கள் சீமையில் செத்தவன் கோட்டைக் கண்டால் கைகூப்பாத குறையாக வாங்குவார்கள். வெள்ளைக்காரனின் ஆவி கடல் தாண்டி வராது என்று நினைத்தார்களோ, வந்தாலும் தமிழ் தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்று நினைத்தார்களோ, எனக்கு விளங்கியதில்லை. கிரீடம் பொறித்த பித்தளைப் பித்தான் இருந்தால் அது சீமைக் கோட்டு. இல்லையென்றால் சந்தேகக் கோட்டு. பித்தானை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள், பல்லால்கூடக் கடித்துப் பார்ப்பார்கள்.

ஒருமுறை நெஞ்சில் ஓட்டை விழுந்த சிவப்புக் கோட்டு ஒன்று மூட்டையில் வந்தது. உள்துணியில் கை அகலத்துக்கு மாறாத கறை. உம்மா அதை ஒதுக்கி வைத்தாள், எரித்துவிடலாம் என்றாள். பெரியவாப்பா எரிக்கவில்லை. குண்டு பட்ட கோட்டு, சண்டையில் நின்றவன் கோட்டு, போட்டுக்கொண்டால் தைரியம் வரும் என்று சொல்லிக் கடை முகப்பில் தொங்கவிட்டார். நமுனுகுலப் பக்கத்துக் கங்காணிகள் இரண்டு பேர் அதற்காகக் கடை வாசலில் கைகலந்துகொண்டார்கள். அதன்பிறகு அவருக்கு வழி தெரிந்துவிட்டது. நல்ல கோட்டுகளில் நெஞ்சுப் பக்கம் ஓட்டை போடும் வேலையும் உம்மாவுக்கு வந்து சேர்ந்தது. அடுப்பில் இரும்புக் கம்பியைக் காய்ச்சி, துணியில் வைத்து, ஓரம் கருகுமளவு பிடித்து எடுக்க வேண்டும். இதயத்துக்கு நேராக இருக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் போனால் விலை குறைவு. செத்துப் போவதற்குக்கூட அவர்கள் இடம் பார்த்து விலை வைத்தார்கள்.

நான் கொஞ்சம் வளர்ந்தபின் உம்மாவிடம் இது பொய் இல்லையா என்று கேட்டேன். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். பித்தான் தைப்பதும் துணி சுடுவதும்தான் அவள் வேலை, இது இன்னது என்று அவள் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிறவர் கடையில் இருக்கிறார் என்றாள். தன் நாவில் பொய் இல்லை என்பது மட்டும்தான் அவளிடம் அழுக்குப் படாமல் மிஞ்சியிருந்தது. அதை அவள் தொழுகை உடுப்பு போலத் தனி ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

பிறகு சீமைச் சண்டை வந்தது. கப்பல்கள் பட்டாளத்தை ஏற்றப் போய்விட்டதால் கொழும்பு மூட்டைகள் நின்றன. இரண்டு வருடம் பெரியவாப்பா மிச்சம் மீதியை ஒட்டுப் போட்டு விற்றார். கடையில் கொக்கிகள்தான் மிஞ்சின. அந்த நேரத்தில்தான் நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத்து டோபி இராமையா ஒரு நாள் பின்வாசலில் வந்து நின்றான். அவன் தோளில் ஒரு மூட்டை. அவன் தோட்டத்தில் செத்தவர்களின் உடுப்பு, முறைப்படி அவனுக்கு வந்து சேர்ந்தவை. அவனால் அதை அந்த மலையில் யாருக்கும் விற்க முடியாது. பெரியவாப்பாவிடம் தகர டப்பா நிறையக் கிரீடப் பித்தான் இருந்தது. இருவரும் பேசி முடிக்க ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

சண்டை முடிகிற வருடம் விஷக் காய்ச்சல் வந்தது. லயங்களில் ஆட்கள் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்று மாலையில் செத்தார்கள். ஒரு குழியில் இரண்டு பேரைப் போட்டார்கள் என்றுகூடக் கேள்வி. இராமையா மாதம் ஒரு மூட்டை கொண்டு வந்தது போய், வாரம் இரண்டு மூட்டை கொண்டு வந்தான். அவனைப் பார்த்ததும் பெரியவாப்பாவின் முகம் மலர்வதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஊரில் பள்ளிவாசலில் எல்லோரும் காய்ச்சல் நீங்கத் துஆ கேட்டார்கள், அவரும்தான் முன்வரிசையில் கையேந்தி நின்றார். என்ன கேட்டாரோ.

சீமை அழுக்கைவிட இந்த அழுக்கு மோசம். அது ஆறிப்போன அழுக்கு, இது இன்னும் சூடு ஆறாதது. வாந்தியும் மலமும் காய்ந்திருக்கும். கொட்டகையில் அண்டா வைத்துக் கொதிக்கக் கொதிக்க அவிப்பாள். நீர்மேல் மிதக்கும் சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் வழித்து ஓடையில் ஊற்றுவாள். அந்த ஓடையிலிருந்துதான் கீழ்த்தெரு தண்ணீர் எடுத்தது. பழைய உள்துணி கழன்று போயிருந்தால் அதன்மேல் புதிதாக ஒரு துணி வைத்துத் தைப்பாள். கொம்புப் பித்தானை அறுத்துவிட்டுக் கிரீடப் பித்தான் தைப்பாள். நெஞ்சில் ஓட்டை சுடுவாள். நமுனுகுலவில் காய்ச்சலில் செத்த கொழுந்துக்காரன் நான்கே நாளில் சீமைச் சண்டையில் குண்டடி பட்ட சிப்பாய் ஆகிவிடுவான். பெரியவாப்பா வண்டி கட்டிக்கொண்டு சம்பள நாட்களில் லயம் லயமாகப் போய் விற்பார். ஒரு தோட்டத்துக் கோட்டை அதே தோட்டத்தில் விற்பதில்லை என்று வைத்திருந்தார். நமுனுகுல மூட்டை கொஸ்லந்தைக்குப் போகும். கொஸ்லந்தைப் பக்கம் வாங்கியது நமுனுகுலவுக்கு வரும். அதுவும் பயபக்தியால் அல்ல, அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால்தான்.

மழை விடாமல் பெய்த மார்கழி மாதம், கொஸ்லந்தை வண்டிப்பாதை மண்சரிந்து அடைபட்டுப் போனது. கோட்டுகள் தேங்கின. பெரியவாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு நமுனுகுல மலைக்கே போனார். பித்தான் மாறியிருக்கிறது, ஓட்டை இருக்கிறது, பெற்ற தாய்க்கும் தெரியாது என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாம் விற்றுவிட்டுத் திரும்பினார்.

எட்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், இராக்கம்மா கடைக்கு வந்தாள்.

அவளை அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது. இருபத்தைந்து வயதிருக்கும். மழையில் எட்டு மைல் இறங்கி நடந்து வந்திருந்தாள். இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. குழந்தை ஒரு கோட்டுக்குள் இருந்தது. தலை மட்டும் மேலே தெரிய, கோட்டின் கைகள் இரண்டும் இராக்கம்மாவின் முழங்கால் வரை தொங்கின. நெஞ்சில் ஓட்டை. கிரீடப் பித்தான் நான்கு. குழந்தை ஒரு பித்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. கடை வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னாள். அவள் கணவன் அழகையா காய்ச்சலில் போய்விட்டான். அவன் போர்த்தியிருந்த கம்பளியைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர் எரிக்கச் சொல்லிவிட்டார். அவனுடைய கோட்டையாவது பிள்ளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று அழுதிருக்கிறாள். லயத்துப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. முறைப்படி அது டோபி மூட்டைக்குப் போனது. குளிர் தாங்காமல் பிள்ளை நடுங்கவே, சம்பள நாளில் வண்டியில் வந்த சீமைக் கோட்டை வாங்கினாள். எட்டு நாளும் தாயும் மகளும் அதற்குள்தான் முடங்கிக் கிடந்தார்கள். நேற்று அக்குளில் பிரிந்த உள்துணியைத் தைக்கலாம் என்று விரித்தபோது, அதற்குள்ளே இன்னொரு ஒட்டு இருந்தது. மஞ்சள் துணி. அது அவளுடைய கூறைச் சேலையில் கிழித்தது போல இருக்கிறது. தையலும் அவள் கைத் தையல் போல இருக்கிறது. அவளுக்குக் கண் மயக்கமாகவும் இருக்கலாம். அதனால் கேட்டுவிட்டுப் போக வந்தாளாம்.

பெரியவாப்பா சிரித்தார். மஞ்சள் துணி சீமையில் இல்லையா என்றார். அவள் போகவில்லை. கடைத்தெருவில் ஆட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் உள்ளே திரும்பி உம்மாவைக் கூப்பிட்டார். "இவதான் மூட்டய அவிழ்க்கிற. அஞ்சு வக்தும் தொழுற பொம்புள. இவ சொன்னா நம்புவியா?" என்று கேட்டார்.

இராக்கம்மா உம்மாவைப் பார்த்தாள். தலைத் துணியையும் உரிந்த கைகளையும் பார்த்தாள். "நம்புறேங்க," என்றாள். பிறகு குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள், "அம்மா, இது சீமைக் கோட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. போதும். நான் போயிர்றேன்."

அவள் எதற்காக வந்தாள் என்பது அன்றைக்கு எனக்குப் பதினொரு வயதில் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் கைத் தையல் ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா? உறுதியாகத் தெரிந்துவிட்டால் கோட்டைத் தூர எறிய வேண்டும், எறிந்தால் பிள்ளைக்கு வேறு போர்வை கிடையாது. நம்பத்தக்க ஒருத்தி வாயால் ஒரு பொய் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் எட்டு மைல் நடந்து வந்திருந்தாள்.

என் உம்மாவிடம் அந்த ஒன்றுதான் இல்லை. பெரியவாப்பா முறைத்தார். அறையும் சோறும் அந்த முறைப்பில் இருந்தன. உம்மா அவரைப் பார்க்கவில்லை. பத்து வருடம் பித்தான் தைத்த பாவத்தை அன்று ஒரே வார்த்தையில் கழுவிவிடலாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"இல்ல புள்ள. அது சீமக் கோட்டில்ல," என்றாள். "ஒங்கட தோட்டத்து டோபி கொண்டு வந்தது. அந்த மஞ்சத் துணிக்கு மேலதான் நான் தச்சன்."

இராக்கம்மா அழவில்லை. குழந்தையைக் கீழே இறக்கினாள். பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டைத் தரையில் போட்டாள். உள்ளே குழந்தை ஒரு சின்னப் பாவாடையோடு மட்டும் நின்றது, விலா எலும்பு தெரிந்தது. அதற்கு ஒன்றும் புரியவில்லை, குனிந்து கோட்டின் கையைப் பிடித்து இழுத்தது. இராக்கம்மா அந்த விரல்களை விடுவித்தாள்.

உம்மா பதறிப் போனாள். உண்மையைச் சொன்னதும் குழந்தை வெற்று மேலோடு நிற்கும் என்பது அவள் கணக்கில் இருக்கவில்லை. திரும்பி என்னிடம், "ஸுபைரா, ஒன்ட கம்பளிய எடுத்துட்டு வா, ஓடு," என்றாள்.

என்னிடம் ஒரு கம்பளி இருந்தது. அந்த வருடப் பெருநாளுக்கு உம்மா எனக்கு வாங்கித் தந்தது. கறுப்புக் கம்பளி, சிவப்புக் கரை. கடையில் மடிப்புக் கலையாமல் இருந்து என் கைக்கு வந்தது. நான் பிறந்தது முதல் எனக்குக் கிடைத்தவற்றில் என் உடம்புக்கு முன் வேறோர் உடம்பு படாத ஒரே பொருள் அதுதான். நான் அறைக்குள் போனேன். கம்பளி பெட்டியின் மேல் இருந்தது. எடுத்தேன். முகத்தை வைத்து மணந்தேன். புதுக் கம்பளி வாடை. அந்தக் குழந்தையின் மூக்கிலிருந்து இரண்டு கோடாகச் சளி இறங்கியிருந்தது என் நினைவுக்கு வந்தது. தலையில் பேன் இருக்கும் என்று நினைத்தேன். கொடுத்தால் திரும்பி வராது, வந்தாலும் நான் தொடமாட்டேன். கம்பளியைப் பாய்ச் சுருளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வெளியே பேச்சு ஓயும்வரை அங்கேயே நின்றேன். பிறகு போய், காணவில்லை என்றேன்.

உம்மா என் முகத்தைப் பார்த்தாள். தானே உள்ளே போய், ஒரே எட்டில் எடுத்து வந்தாள். அதற்குள் இராக்கம்மா போய்விட்டாள். உம்மா கம்பளியோடு மழையில் ஓடினாள். கடைத்தெருவில் தலைத்துணி நழுவ ஒரு முஸ்லிம் பெண் ஓடுவதை அன்று ஊரே பார்த்தது. பாலம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். இராக்கம்மா எந்தப் பாதையில் ஏறினாள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். கம்பளி ஈரத்தில் கனத்துத் தொங்கியது. அடுப்பு மேல் காயப்போட்டு, காய்ந்ததும் நான்காய் மடித்து, என் பாயில் வைத்தாள். பெரியவாப்பா தரையில் கிடந்த கோட்டைத் தட்டி எடுத்துக் கொக்கியில் மாட்டினார். அவர் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. வேறு யார் அந்த வேலையைச் செய்வார்கள்? உம்மாவுக்கு மூன்று நாள் சோறு அனுப்பவில்லை, அவ்வளவுதான். நான்காம் நாள் கொஸ்லந்தைப் பாதை திறந்தது, அந்தக் கோட்டும் விலைபோனது.

பன்னிரண்டாம் நாள் இராமையா வந்தான். வழக்கம்போல் பின்வாசலில் மூட்டையை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாக உதறிப் போட்டான். வேட்டிகள், ஒரு மேற்சட்டை, கடைசியாக ஒரு சின்னப் பாவாடை.

உம்மா அதைக் கையில் எடுத்தாள். யாருடையது என்று கேட்டாள்.

"நம்ம இராக்கம்மா மகதாம்மா. மார்ச்சளி கட்டிக்கிச்சு, மூணே நாளு," என்றான் இராமையா. "செத்த அப்பன் கோட்டப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிச்சில்ல, அதான் அப்பன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான்னு லயத்துல பேசிக்கிறாங்க."

உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோட்டைப் போட்டதால் அல்ல, கழற்றியதால் என்று சொல்ல வந்திருப்பாள். சொல்லவில்லை. பெரியவாப்பா எட்டிப் பார்த்து, இவ்வளவு சின்னது விலைபோகாது, திருப்பிக் கொண்டுபோகச் சொல் என்றார். இராமையா அதற்குக் காசு வேண்டாம் என்றான், மற்றவற்றோடு சும்மா வைத்துக்கொள்ளச் சொன்னான்.

அதன்பின் உம்மா ஒன்பது வருடம் இருந்தாள். அடுத்த வருடமே கப்பல்கள் திரும்பின. காக்கிக் கோட்டுகள் மலைமலையாக வந்து இறங்கின, உம்மா கம்பி காய்ச்சத் தேவையில்லாமல் ஓட்டைகளோடேயே வந்தன. கொதிக்க வைத்தாள், பேன் நசுக்கினாள், பித்தான் தைத்தாள். யாராவது அவளிடம் எதையாவது கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அவளுடைய ஜனாஸாவைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு குளிப்பாட்டினார்கள். அது முறைதான், எல்லோருக்கும் அப்படித்தான் செய்வார்கள். ஆனாலும் றமீலா மாமி இரண்டு சுற்று அதிகம் சுற்றியதை நான் பார்த்தேன். அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல் இருந்தது. தள்ள எனக்கு என்ன தகுதி?

உம்மா அந்தக் கம்பளியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் எங்கே ஒளித்து வைத்தேன் என்பது அவளுக்குத் தெரியும், அவள்தானே எடுத்தாள். இராமையா வந்துபோன அன்றும் எனக்குக் குளிரெடுத்தது. அதைத்தான் போர்த்திக்கொண்டு படுத்தேன். கல்யாணமாகிப் பண்டாரவளைக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தேன். என் பிள்ளைகள் மூன்று பேரையும் அதில்தான் சுற்றி வளர்த்தேன், ஒன்றுக்கும் மார்ச்சளி வந்ததில்லை. நல்ல கம்பளி. இன்னும் ஓர் இழைகூட விடவில்லை.